இணையா, ஒற்றையா: லெப்பர்டு கெக்கோவின் உடலில் தோன்றும் புடைப்புகளை அறிந்துகொள்ளும் முறை

செல்லப்பிராணியாக வளர்க்கப்படும் பல்லியான லெப்பர்டு கெக்கோவை வைத்திருப்பவர் அதன் உடலில் புதிதாக ஒரு புடைப்பைக் கண்டால், மறுபக்கத்தில் அதே இடத்தில் அதைப் போன்ற இன்னொன்று இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இரு பக்கமும் ஒத்த அளவில் மென்மையாக இருப்பவை பெரும்பாலும் உடலின் இயல்பான அமைப்புகளே. ஒரு பக்கம் மட்டும் எழும்பி, கெட்டியாகி, வாரத்துக்கு வாரம் பெரிதாவது நோயாக இருக்கும் வாய்ப்பு அதிகம். இதற்கு விலக்குகள் உண்டு என்றாலும், தேவையற்ற பதற்றத்தில் பாதியை இந்த ஒரு பார்வையே குறைத்துவிடும்.

பல்லியைக் கையில் பிடித்துப் புரட்டிப் பார்ப்பது நல்லதல்ல. மிரண்டால் வாலை உதறிவிடும். அடிப்பக்கம் தெளிவாகத் தெரியும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டியில் விட்டு, கீழிருந்து பார்த்தால் வயிறு, அக்குள், கழிவாய் (மலமும் முட்டையும் வெளிவரும் துளை) எல்லாம் தெரியும். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுத்துத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். சமையலறைத் தராசில் வாரம் ஒரு முறை எடை பார்ப்பதும் உதவும். புடைப்பு வளர, எடை குறைந்துகொண்டே வந்தால் அதுவே போதிய எச்சரிக்கை.

முன்னங்கால் அக்குள்களில் சிறு நீர்க்குமிழி போலத் தெரியும் மென்மையான பைகள், நன்றாக உண்ணும் பல்லிகளில் சாதாரணம். அவை நோயல்ல, ஆனால் வாலும் கழுத்தைவிட மிகப் பருத்திருந்தால், உணவு கூடிவிட்டது என்று பொருள். கொழுப்பு மிகுந்த மெழுகுப்புழுவை நிறுத்தி, வளர்ந்த பல்லிக்கு இரையிடும் நாட்களின் இடைவெளியைக் கூட்டினால் போதும். ஆணின் வாலடியில், கழிவாய்க்குச் சற்றுப் பின்னால் தெரியும் இரண்டு புடைப்புகளும் இயல்பானவை. அவற்றுக்குள்தான் இரண்டு இனப்பெருக்க உறுப்புகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று மட்டும் வீங்கிச் சிவந்தால், உள்ளே சுரப்பும் உரிந்த தோலும் இறுகி அடைத்திருக்கலாம் அல்லது கிருமித் தொற்று இருக்கலாம். வெளியே துருத்தி நிற்பதை இழுத்தெடுக்க முயலாதீர்கள்.

பெண்ணின் வயிற்றில் இரு பக்கமும் வெளிறிய நீள்வட்டங்கள் தோலினூடே தெரிந்தால் அவை முட்டைகள். ஆணுடன் சேராத பெண்ணும் கருவில்லாத முட்டைகளை உருவாக்கும் என்பதால், தனியே வளர்ப்பவர்கள் இதைக் கட்டி என்று எண்ணி அஞ்சுவது வழக்கம். ஈரமான பாசி நிரப்பிய பெட்டியும் கால்சியமும் கொடுங்கள். முக்கிக்கொண்டும் சோர்ந்தும் கிடந்து முட்டை இடாவிட்டால், முட்டை தங்கிவிட்டது என்று கொண்டு மருத்துவரிடம் விரைய வேண்டும். வயிற்றில் கருநீல நிழல் போன்ற ஒரே திரட்சி தெரிந்து, மலமும் கழிக்காமல், இரையும் எடுக்காமல் இருந்தால், மணலோ செரிக்காத இரையோ குடலை அடைத்திருக்கலாம்.

ஒற்றைக் கட்டிகளில் அதிகம் தவறாகக் கையாளப்படுவது சீழ்க்கட்டி. நம் உடலில் சீழ் நீராக இளகி வடியும். ஊர்வனவற்றின் வெள்ளணுக்களில் அதை இளக்கும் நொதிகள் போதாததால், அது பாலாடைக்கட்டி போலக் கெட்டிப்பட்டு, ஓர் உறைக்குள் அடைந்துகொள்ளும். ஆகவே ஊசியால் குத்தினாலும் அழுத்தினாலும் எதுவும் வெளிவராது; கிருமி உள்ளே மேலும் பரவுவதே மிச்சம். உறையோடு அறுத்தெடுத்து, பிறகு மருந்து கொடுப்பதே சரியான வழி. மருந்து மட்டும் கொடுத்துக் கரைத்துவிடலாம் என்று காத்திருப்பது பெரும்பாலும் காலவிரயம் என்பது என் கருத்து. இரை கடித்த காயமும், உரிந்து விழாமல் விரலில் ஒட்டிய தோலும் இத்தகைய கட்டிகளுக்குத் தொடக்கமாகலாம்.

இணை விதிக்கு விலக்கானவை எலும்பும் மூட்டும். கால்சியமும் டி3 வைட்டமினும் குறைந்தால் தாடை மென்மையாகி வீங்கும், கால்கள் வளைந்து தடிக்கும். இது இரு பக்கமும் வரும். மூட்டுகளில் வெண்மையான, கடினமான முடிச்சுகள் தென்பட்டால் யூரிக் அமிலம் படிந்த கீல்வாதம் என்று சந்தேகிக்கலாம். இரண்டிலும் வீட்டு வைத்தியத்துக்கு இடமில்லை.

லெமன் ஃப்ராஸ்ட் என்னும் நிறவகையை வைத்திருப்பவர்கள் தோலில் தோன்றும் வெண்மையான தடிப்பைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பளிச்சென்ற அந்த நிறத்தைத் தரும் மரபணு மாற்றமே நிறச் செல்களில் புற்றுக் கட்டிகளையும் உண்டாக்குகிறது. எஸ்பிஐஎன்டி1 என்னும் மரபணுவோடு அதற்குள்ள தொடர்பைக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாக ஆய்வாளர்கள் 2021ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இந்த வகையைப் புதிதாக வாங்குவதும் இனப்பெருக்கம் செய்வதும் வேண்டாம் என்றே சொல்வேன்.

கட்டி ஒரு வாரத்தில் கண்ணுக்குத் தெரியும்படி வளர்ந்தாலோ, மேல்தோல் புண்ணானாலோ, பல்லி நடக்கவும் இரை பிடிக்கவும் சிரமப்பட்டாலோ, ஊர்வனவற்றுக்கு மருத்துவம் பார்த்துப் பழகியவரிடம் கொண்டு செல்லுங்கள். மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சிப் பார்ப்பதும் எக்ஸ்ரே எடுப்பதுமே வழக்கமான முதல் சோதனைகள். தேதியிட்ட படங்கள், எடைக் குறிப்பு, இரை மற்றும் கால்சியத் தூளின் விவரம், கூண்டின் வெப்பநிலை, அண்மையில் கழித்த மலம் ஆகியவற்றை உடன் எடுத்துச் செல்லுங்கள். கூண்டின் சூடான பக்கத் தரை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் வரை இருந்ததா என்று மருத்துவர் கட்டாயம் கேட்பார். குளிர்ந்த உடலில் செரிமானமும் நோய் எதிர்ப்பும் மந்தமாகிவிடும்.