அறக்கட்டளைப் பணம் வயலுக்கு வரும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

"சிறு விவசாயிகளுக்கு இத்தனை கோடி டாலர்" என்று ஒரு பெரிய அறக்கட்டளை அறிவித்ததும் கொடுப்பவர் நல்லவரா கெட்டவரா என்ற சண்டைதான் முதலில் வருகிறது. அதை விடுங்கள். பணம் யார் கைக்குப் போகிறது, அது நின்றபிறகு விதைக்கு விவசாயி யாரிடம் போய் நிற்பார் என்று பாருங்கள்.

கேட்ஸ் அறக்கட்டளை யாருக்கு எவ்வளவு, எதற்காக, எந்த ஊருக்கு என்பதைத் தன் இணையதளத்திலேயே போடுகிறது. மற்ற அமெரிக்கத் தனியார் அறக்கட்டளைகளுக்கு, வரித்துறைக்கு வருஷாவருஷம் கொடுக்கும் 990-பிஎஃப் படிவத்தைத் தேடுங்கள், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஊர்ப்பெயரைக் கட்டாயம் கவனியுங்கள். 2014இல், சிறு விவசாயிகள் பக்கம் நிற்கும் கிரெய்ன் என்ற சர்வதேசத் தொண்டு அமைப்பு இப்படித்தான் எண்ணிப் பார்த்தது: விவசாயத்துக்காக கேட்ஸ் அறக்கட்டளை தொண்டு நிறுவனங்களுக்குக் கொடுத்ததில் முக்கால்வாசிக்கு மேல் அமெரிக்க நிறுவனங்களுக்கு, ஆப்பிரிக்க நிறுவனங்களுக்கு 4 சதவீதம்.

அப்புறம், ஆரம்பத்தில் சொன்ன இலக்கைத் தேடி எடுங்கள். இணையப் பக்கத்தை மாற்றியிருந்தால், பழைய பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் பழையது கிடைக்கும். ராக்ஃபெல்லர், கேட்ஸ் அறக்கட்டளைகள் ஆப்பிரிக்க விவசாயத்துக்காக 2006இல் தொடங்கிய 'அக்ரா' கூட்டணி, 2020க்குள் 3 கோடி விவசாயக் குடும்பங்களின் விளைச்சலையும் வருமானத்தையும் இரட்டிப்பாக்குவதாகச் சொன்னது. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் டிமத்தி வைஸ் 2020இல் அக்ரா வேலைசெய்த 13 நாடுகளின் கணக்கைப் பார்த்தபோது, 12 வருஷத்தில் முக்கியப் பயிர்களின் விளைச்சல் ஏறியது 18 சதவீதம்தான், ஊட்டமில்லாதவர்கள் எண்ணிக்கையோ 30 சதவீதம் கூடியிருந்தது. அக்ரா இந்தக் கணக்கை ஏற்கவில்லை. சரி, கேட்ஸ் அறக்கட்டளையே காசு கொடுத்துச் செய்யவைத்து 2022இல் வெளியான மதிப்பீட்டைப் படியுங்கள், வருமானத்திலும் உணவுப் பாதுகாப்பிலும் வைத்த இலக்கை எட்டவில்லை என்று அதிலும் இருக்கிறது.

விதை விஷயத்தில் அவசரப்படாதீர்கள், இங்கேதான் சூட்சுமம். ஃபோர்டு, ராக்ஃபெல்லர் அறக்கட்டளைகளின் பணத்தில் 1960இல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம்தான் 1966இல் ஐ.ஆர்.8 ரகத்தைக் கொடுத்தது. நம் தஞ்சாவூரும் ஃபோர்டு உதவியோடு நடந்த 'பேக்கேஜ் திட்ட'த்தின் முதல் ஏழு மாவட்டங்களில் ஒன்று. விதை, உரம், பூச்சிமருந்து, கூட்டுறவுக் கடன் எல்லாம் சேர்ந்தே வந்தன. உரச்செலவு ஏறியது உண்மை. ஆனாலும் ஐ.ஆர்.8 நெல்லைப் பத்தாயத்தில் எடுத்துவைத்து அடுத்த போகத்துக்கு விதைக்க முடிந்தது. வீரிய ஒட்டு மக்காச்சோளத்தில் அது நடக்காது, எடுத்துவைத்து விதைத்தால் விளைச்சல் இறங்கிவிடும், ஒவ்வொரு வருஷமும் கடைக்குப் போக வேண்டும். ஆகவே எந்தத் திட்டமானாலும் "விதையை எடுத்துவைக்கலாமா?" என்று முதலில் கேளுங்கள், எனக்கு இதைவிட முக்கியமான கேள்வி இல்லை.

உங்கள் மாவட்டத்திலேயே ஒரு அறக்கட்டளை வேளாண் துறையோடு ஒப்பந்தம் போட்டிருந்தால், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு போட்டு ஒப்பந்த நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். விவசாயிகளின் விவரங்கள் யாரிடம் இருக்கும், திட்டம் முடிந்தபின் செலவு யார் தலையில் என்ற இரண்டு பிரிவுகளை முதலில் படியுங்கள்.