குட்டி யானைக்குச் சின்ன எல்இடி விளக்குகள்: முதல்முறை செய்பவர்களுக்கு

அதிகாலை மூன்று மணிக்குக் கோயம்பேடு மார்க்கெட்டில் லோடு ஏற்றுபவர்களைப் பாருங்கள். பாதிப்பேர் செல்போனை வாயில் கவ்விக்கொண்டுதான் கயிறு கட்டுவார்கள். நானும் பல வருஷம் அப்படிக் கட்டியவன்தான். இப்போது என் குட்டி யானையின், அதாவது டாடா ஏஸ் வண்டியின் லோடு பாடியில் பத்து விளக்கு, டூல்பாக்ஸில் இரண்டு விளக்கு இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் முடிந்த வேலை. விளக்கு ஒட்டுவது இருபது நிமிஷம்; மீதி நேரமெல்லாம் வயருக்குத்தான் போகும்.

என்ன வாங்குவது

எல்லோரும் முதலில் சுருளாக வரும் எல்இடி ஸ்ட்ரிப்பைத்தான் வாங்குவார்கள். லோடு வண்டிக்கு அது சரிப்படாது. தக்காளிப் பெட்டி ஒருமுறை உரசினால் பிய்ந்துவிடும். கடை பெயர்ப்பலகை எழுத்துக்குள் வைப்பார்களே, மூன்று எல்இடி பதித்த சின்னக் கட்டை, அந்த மாட்யூல் கேளுங்கள். சென்னை ரிச்சி தெருவில் இருபது மாட்யூல் கோத்த சரமாகக் கிடைக்கும். 12 வோல்ட், தண்ணீர் புகாத வகை, ஸ்க்ரூ போட ஓட்டை உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். ஒன்று போய்விட்டால் அதை மட்டும் வெட்டி வேறொன்று சேர்த்துக்கொள்ளலாம்.

மற்றபடி 1 சதுர மில்லிமீட்டர் ஆட்டோ வயர் சிவப்பிலும் கறுப்பிலும், மூடியுள்ள ஃபியூஸ் ஹோல்டர், 3 ஆம்பியர் ஃபியூஸ் (ஊதா நிறத்தில் இருக்கும்), ஒரு ஸ்விட்ச், கார் கதவில் அழுத்தினால் உள்ளே போகும் குமிழ் இருக்குமே, அந்தப் பின் (pin) ஸ்விட்ச் ஒன்று, வயர் முனையில் மாட்டும் ரிங் வைத்த லக், சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், ஓட்டை விளிம்பில் மாட்டும் ரப்பர் கிரோமெட், வயரை மூடும் வரிவரியான கறுப்பு பைப். இதெல்லாம் புதுப்பேட்டையில் ஒரே தெருவில் முடிந்துவிடும். கடன் வாங்கியாவது ஒரு மல்டிமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

3 ஆம்பியர் எப்படி வந்தது? நான் வாங்கிய மாட்யூல் ஒன்று 0.72 வாட். 12 வோல்ட்டில் அது 0.06 ஆம்பியர். பன்னிரண்டு மாட்யூலுக்கு முக்கால் ஆம்பியர்கூட வராது. 3 ஆம்பியர் தாராளம். பெரிய ஃபியூஸாகப் போட்டால் நல்லது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஃபியூஸ் காப்பாற்றுவது விளக்கை அல்ல, வயரை.

வயர் எங்கிருந்து எடுப்பது

இங்கேதான் நான் முதல்முறை மாட்டிக்கொண்டேன். பக்கத்திலேயே டெயில் லைட் வயர் இருக்கிறதே என்று அதிலிருந்து இழுத்துவிட்டேன். நாலு நாள் நன்றாக எரிந்தது. ஐந்தாம் நாள் கயிறு கொக்கி வயரை உரசித் தோலை உரித்துவிட, ஃபியூஸ் போய்விட்டது. விளக்கோடு டெயில் லைட்டும் சேர்ந்து அணைந்ததை நான் கவனிக்கவே இல்லை. பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்து, பக்கத்தில் வந்து திட்டிவிட்டுப் போன பிறகுதான் தெரிந்தது. அதனால் புது விளக்குக்குப் பாட்டரியிலிருந்து தனி வயர், தனி ஃபியூஸ்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் பாட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். பிளஸ்ஸை முதலில் கழற்றினால், ஸ்பானர் தவறிப் பாடியில் படும்போது பொறி பறக்கும். திரும்ப மாட்டும்போது மைனஸ்தான் கடைசி.

பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் ஹோல்டர் வரவேண்டும். பாட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடையில் இருக்கும் வயருக்குப் பாதுகாப்பே கிடையாது, அந்தத் துண்டு எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது. ஃபியூஸை இப்போது போடாதீர்கள். ஹோல்டரிலிருந்து சிவப்பு வயர் கேபினில் இருக்கும் ஸ்விட்சுக்குப் போய், அங்கிருந்து லோடு பாடிக்குத் திரும்பும். தகட்டில் ஓட்டை போட்டு வயர் நுழைக்கிற ஒவ்வோர் இடத்திலும் ரப்பர் கிரோமெட் கட்டாயம். வண்டி அதிர்வில் வெறும் தகட்டு விளிம்பு கத்தி மாதிரி அறுக்கும். சைலன்சர் பக்கமும், கயிறு கொக்கி பக்கமும் வயரைக் கொண்டுபோக வேண்டாம்.

வயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது வீட்டு வேலைக்கே அரைகுறை. சென்னை வெயிலில் டேப்பின் பசை இளகி, ஒரு மாதத்தில் வால் மாதிரி தொங்கும். இணைப்பைக் கிரிம்ப் செய்தோ (நசுக்கி இறுக்கியோ) ஈயம் வைத்தோ முடித்து, மேலே ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள்.

விளக்கைப் பொருத்துவது

பக்கப் பலகையின் மேல் மடிப்புக்கு உள்பக்கம்தான் நல்ல இடம். பெட்டி உரசாது, வெளிச்சம் தரையைப் பார்த்து விழும். சோப்புத் தண்ணீரில் துடைத்துக் காயவிட்டு ஒட்டுங்கள். பசையை மட்டும் நம்பாமல் சின்ன ஸ்க்ரூவும் போடுங்கள். பக்கத்துக்கு ஐந்து மாட்யூல் போதும். சரத்தின் கடைசி முனையில் சிவப்பு, கறுப்பு இரண்டையும் ஒரே நீளத்தில் வெட்டாமல் ஒன்றைக் கொஞ்சம் குட்டையாக வெட்டித் தனித்தனியாக மூடுங்கள், ஒன்றையொன்று தொடவே வழியிருக்காது.

கறுப்பு வயருக்குப் பாடி எர்த், அதாவது வண்டியின் இரும்பு உடம்போடு இணைப்பு. போல்ட் இருக்கும் இடத்தில் பெயின்ட்டைப் பளபளவென்று சுரண்டி, லக்கை இறுக்கி, மேலே கிரீஸ் தடவிவிடுங்கள். பெயின்ட் மேலேயே இறுக்கிவிட்டு, விளக்கு மினுக்குகிறதே என்று கடைக்காரரைத் திட்டுபவர்கள் நிறைய.

டூல்பாக்ஸில் நடப்பது ஃப்ரிட்ஜ் விளக்குக் கதைதான். இதற்கான சிவப்பு வயரை ஃபியூஸுக்குப் பிறகு, ஸ்விட்சுக்கு முன்னால் பிரித்தெடுங்கள். மாட்யூலின் கறுப்பு வயர் பின் ஸ்விட்சுக்கு. பெட்டியின் மூடி வந்து அழுத்தும் இடத்தில், பெயின்ட் சுரண்டிய இரும்பில் ஸ்விட்சைப் பொருத்தினால் அதன் உடம்பே எர்த் ஆகிவிடும். மூடி திறந்தால் எரியும், மூடினால் அணையும். பிளாஸ்டிக் பெட்டி என்றால் இரண்டு வயர் உள்ள ஸ்விட்ச் வாங்கி, ஒன்றைத் தனியாக எர்த்துக்கு இழுக்க வேண்டும்.

எரிய வைக்கும் முன்

மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து, கேபின் ஸ்விட்சை ஆனில் போட்டு, டூல்பாக்ஸ் மூடியை மூடிவிட்டு, சிவப்பு வயருக்கும் பாடிக்கும் இடையில் தொட்டுப் பாருங்கள். பீப் வந்தால் எங்கோ ஷார்ட். வராவிட்டால் பாட்டரியை மாட்டி, கடைசியாக ஃபியூஸைச் செருகுங்கள். ஒரு மாட்யூல் மட்டும் எரியவில்லை என்றால் அநேகமாகப் பிளஸ் மைனஸ் மாறியிருக்கும். மாற்றிக் கொடுத்தால் எரியும்.

இன்ஜின் ஓடும்போது இந்த விளக்குகளைப் போடாமல் இருப்பது நல்லது. நிற்கிற வண்டியில் பாட்டரி 12.6 வோல்ட் இருக்கும். பாட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் ஓடினால் 14.4 வரை ஏறும். கரண்டைக் கட்டுப்படுத்த ரெசிஸ்டர் மட்டும் வைத்த மலிவு மாட்யூலில் அந்தச் சின்ன ஏற்றத்துக்கே கரண்ட் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும், சூடேறிச் சீக்கிரம் கருகும். ஓடும்போது போடக்கூடாது என்பதற்குச் சட்டக் காரணமும் உண்டு. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 108-வது விதிப்படி, ரிவர்ஸ் விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு போன்ற சில விலக்குகள் தவிர, வண்டியின் பின்பக்கம் சிவப்பைத் தவிர வேறு வெளிச்சம் தெரியக்கூடாது. முன்பக்கம் சிவப்பு தெரியக்கூடாது. நீலம், பச்சை என்று கலர் சரம் வாங்கி வைத்திருந்தால் அதை வீட்டுப் பொங்கலுக்கு எடுத்து வையுங்கள்.

டூல்பாக்ஸ் விளக்கு, மூடியை மூடியதும் உண்மையிலேயே அணைகிறதா? போனில் வீடியோ ஓடவிட்டு உள்ளே வைத்து, மூடியை மூடித் திறந்து பாருங்கள். என்னுடையதில் அணையவில்லை. பின் ஸ்விட்சுக்கு அடியில் ஒரு வாசர் வைத்து உயர்த்திய பிறகுதான் சரியானது.