மணிக்கட்டு நரம்பை டிஃப்யூஷனில் எடுக்கிற விதம்

என் அம்மா முக்கூடலில் முப்பது வருஷம் பீடி சுற்றினவள். நடுராத்திரி எழுந்து கையை உதறிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்துப்போகும். சுண்டுவிரலுக்கு ஒன்றும் செய்யாது. மணிக்கட்டுச் சுரங்கத்தில் மீடியன் நரம்பு நசுங்குவதன் அடையாளம் அது. இன்று பாளையங்கோட்டையில் எம்ஆர்ஐ ஸ்கேன் அறையில் நிற்கும்போது, சுளகோடு உட்கார்ந்து காய்த்துப்போன கைகள் வந்தால் எனக்கு அவசரமே வராது. புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தங்கச்சி, உனக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

டிஃப்யூஷன் என்பது உடம்புக்குள் தண்ணீர் நகர்வதைப் படமாக்கும் எம்ஆர்ஐ முறை. நரம்புக்குள் தண்ணீர் நீளவாக்கில் எளிதாக நகரும், குறுக்கே போக இழைகளின் உறை எளிதில் விடாது. அந்தச் சாய்வின் அளவுதான் எஃப்ஏ: 0 என்றால் எல்லாத் திசையும் ஒன்று, 1 என்றால் ஒரே திசை. தண்ணீர் மொத்தத்தில் எவ்வளவு தாராளமாக நகர்கிறது என்ற அளவு ஏடிசி. நசுங்கிய நரம்பில் எஃப்ஏ இறங்கும், ஏடிசி ஏறும்.

பாதி வேலை கையை வைப்பதில் முடிந்துவிடும். வளையல், மோதிரம் கழற்றச் சொல். குப்புறப் படுக்கவைத்து, கையைத் தலைக்கு மேல் நீட்டி, மணிக்கட்டு காந்தத்தின் நடுவில் வரும்படி வை. ஓரத்தில் இருந்தால் கொழுப்பின் சிக்னல் சரியாக அடங்காது, படம் கோணும். தோள் தாங்காத ஆச்சிமாரைக் கட்டாயப்படுத்தாதே. கை ஆடினால் எல்லாம் வீண், உடம்போடு ஒட்டி வைத்தே எடுத்துவிடு. மணிக்கட்டு மடங்காமல் நேராக இருக்கட்டும், இடைவெளியில் பஞ்சு வை. ஏசி அறையில் கை சில்லிட்டிருந்தால் போர்வை சுற்றிச் சூடேற்றிவிட்டு எடு: ஒரு டிகிரி குறைந்தால் ஏடிசி சுமார் 2 சதவீதம் குறையும், நோயின் எண்ணை அது மறைத்துவிடும்.

காந்தத்தின் வலிமை 3 டெஸ்லா என்றால் நல்லது. குறுக்கு வெட்டு, 3 அல்லது 4 மில்லிமீட்டர் தடிமன், பி வேல்யூ (தண்ணீர் நகர்வதை எவ்வளவு அழுத்தமாகப் பிடிப்பது என்ற எண்) 0-உம் 1000-உம், இருபது திசை, கொழுப்பு அடக்கல் கண்டிப்பாக. பி 0-வை, ஃபேஸ் திசையை (படத்தை வரிவரியாகப் பதியும் திசை) எதிராகத் திருப்பியும் ஒன்று எடுத்துக்கொள், கோணலைச் சரிசெய்ய உதவும்.

அளக்கும்போதுதான் நான் முதல் வருஷம் தப்பு செய்தேன். படத்தில் நரம்பின்மேல் போடும் அளவு வட்டத்தைப் பெரிதாகப் போட்டேன். சுற்றியிருந்த கொழுப்பும் தசைநாணும் உள்ளே வந்து, நல்ல நரம்பு கெட்டதாகத் தெரிந்தது. டாக்டர் வந்து மறுபடி அளந்தார். டி2 படத்தில் (தண்ணீர் வெளுத்துத் தெரியும் எம்ஆர்ஐ படம்) நரம்பைக் கண்டுபிடி: தசைநாண் கறுப்பாக இருக்கும், நரம்பு கொஞ்சம் வெளுத்திருக்கும். மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கம் இருக்கும் பட்டாணி எலும்பின் மட்டத்தில், நரம்பின் விளிம்பை விட்டு, உள்ளே வட்டத்தைச் சின்னதாகப் போடு. முன்கையில் மேலே ஒரு இடத்தில் அளந்து ஒப்பிடு. வயதாக ஆக எஃப்ஏ தானாகவே குறையும், மெஷினுக்கு மெஷின் எண்ணும் மாறும். அதனால் வேறு இடத்து எல்லைக்கோட்டை அப்படியே எடுத்து வைக்காதே. நரம்புக் கடத்தல் சோதனையோடு சேர்த்துத்தான் டாக்டர் முடிவெடுப்பார்.

கை இருந்த நிலை, பி வேல்யூ, அளந்த மட்டம் மூன்றையும் சீட்டில் எழுதி வை. ஆறு மாதம் கழித்து ஸ்கேன் எடுத்த அக்கா திரும்பி வந்தால், அதே மாதிரிதான் எடுக்க வேண்டும்.