ஜாஸ் கலைஞர்களின் பெயர்களைக் குழப்பமின்றிப் பதிவது எப்படி

எனது பெரியப்பா 1980களில் கிளிநொச்சியில் இருந்தபடி சிற்றலை வானொலியில் ஜாஸ் இசை கேட்டு, விருப்பமானவற்றை ஒலிநாடாக்களில் பதிந்து வைத்தார். பின்னர் மின்சாரம் அற்றுப்போன ஆண்டுகளில் சைக்கிள் தைனமோவைச் சுற்றி எடுத்த மின்னிலும் அதே நிகழ்ச்சியைத் தேடிக் கேட்டார்; மிதிகட்டையைச் சுற்றும் வேலை என்னுடையதாக இருந்தது. அமெரிக்காவின் குரல் வானொலியில் 1955 முதல் அந்த நிகழ்ச்சியை நடத்திவந்த வில்லிஸ் கொனோவர், ஆங்கிலம் அதிகம் தெரியாத நேயருக்கும் விளங்கும்படி ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி உச்சரிப்பார். அப்படிக் காதில் விழுந்த பெயர்களைப் பெரியப்பா தமிழில் எழுதி ஒட்டினார். வவுனியாவில் ஓர் உறவினர் வீட்டில் விடப்பட்டதால் தப்பிய, ஒலிநாடாக்கள் இருந்த றங்குப்பெட்டியைத் திறந்து, அவற்றைக் கணினிக் கோப்புகளாக மாற்றத் தொடங்கியபோது, ஒரே மனிதரின் பெயர் நான்கு விதமாக எழுதப்பட்டிருப்பதைக் கண்டேன். அந்தப் பட்டியலை ஒழுங்குபடுத்தும்போது நான் வந்தடைந்த முறையை இங்கே எழுதுகிறேன். வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய இறுவட்டுகளை வாசிகசாலையில் வைத்து வரிசைப்படுத்த முனைபவர்களுக்கும் இது உதவும்.

முதலில் செய்யவேண்டியது, திருத்தும் ஆசையை அடக்குவதாகும். பட்டியலில் பெயருக்கென்று ஒரு நிரல் போதாது. மூன்று நிரல்கள் வேண்டும். முதலாவதில், ஒலிநாடாவின் ஒட்டுச்சீட்டிலோ இறுவட்டின் உறையிலோ உள்ளதை, பிழையாகத் தோன்றினாலும், எழுத்துக்கு எழுத்து அப்படியே பதிய வேண்டும். இரண்டாவதில், அந்தக் கலைஞருக்கு நீங்கள் தெரிவுசெய்த ஒரேயொரு தமிழ் வடிவத்தைத் தலைப்பெயராக எழுத வேண்டும். மூன்றாவதில், ரோமன் எழுத்தில் அவர் பெயர் எப்படி எழுதப்படுகிறது என்பதைச் சேர்க்க வேண்டும். சக்சபோன் கலைஞர் ஒருவரின் பெயரைப் பெரியப்பா "காணன் போல்" என்று எழுதியிருந்ததை நான் அழித்துவிட்டுக் "கனன்போல் அடர்லி" என்று மட்டும் பதிந்திருந்தால், அவர் அதை எப்படிக் கேட்டார் என்ற தடயமும், நாளை வேறொருவர் என் தெரிவைச் சரிபார்ப்பதற்கான வழியும் ஒன்றாகப் போயிருக்கும்.

எந்த வடிவம் "சரியானது" என்ற கேள்வி அடுத்து வரும். பிறப்புச் சான்றிதழைத் தேடிப் போவது பெரும்பாலும் பயன் தராது. 1917 இல் வட கரோலைனா மாநிலத்தில் பிறந்த பியானோக் கலைஞர் தெலோனியஸ் மங்க்கின் பிறப்புச் சான்றிதழிலேயே அவர் பெயர் "தெலியஸ்" என்றுதான் பதியப்பட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதுபவர்களும் அவர் பெயரின் பின்பகுதியில் வரும் "ஓ" (O) எழுத்தை அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும் பெயர் இருப்பதால் கச்சேரிக்கும் (மாவட்டச் செயலகம்) பிரதேச செயலகத்துக்கும் அலைந்த வன்னி மக்களுக்கு இது புதிய செய்தியல்ல. ஆகவே, கலைஞர் தம் தொழிலில் தாமே பயன்படுத்திய வடிவத்தைத் தலைப்பெயராகக் கொள்வதே நியாயமானது. உச்சரிப்புக்கும் இதே அளவுகோல்தான். டிரம்பெட் கலைஞரும் பாடகருமான ஆம்ஸ்ட்ரோங்கின் முதற்பெயரை "லூயி" என்றும் "லூயிஸ்" என்றும் எழுதுகிறார்கள். ஆனால் 1964 இல் வெளிவந்த "ஹலோ டொலி" பாடலில் அவரே தம்மை "லூயிஸ்" என்று சொல்லிப் பாடுகிறார். அவர் வாயிலிருந்து வந்த ஒலியே எனக்குப் போதுமானது.

இனி, தமிழில் எழுதும் மரபைத் தீர்மானிக்க வேண்டும். எங்கள் பகுதியில் இதுவே மிகக் கடினமான இடம். ஈழத்து வழக்கில் "ஜோன்" என்று எழுதுவதைத் தமிழ்நாட்டில் "ஜான்" என்று எழுதுகிறார்கள். நாங்கள் "ரொறன்ரோ" என்று எழுதும் நகரம் அங்கே "டொராண்டோ" ஆகிறது. எனவே ஆம்ஸ்ட்ரோங், ஆம்ஸ்ட்ராங், ஆர்ம்ஸ்ட்ரோங், ஆம்ஸ்றோங் ஆகிய நான்கும் ஒரே பெட்டிக்குள் கிடப்பதில் வியப்பில்லை. நான் ஓகாரத்தை வைத்துக்கொண்டேன், ஏனென்றால் ஜோன் கோல்ட்ரேனை "ஜான்" என்று அழைப்பது எங்கள் காதுக்குப் பொருந்தாது. ஆனால் ஆங்கிலத்தின் "ரீ" (T) ஒலிக்கு ரகரமோ றகரமோ இடும் பழைய வழக்கத்தை ஆள்பெயர்களில் கைவிட்டு, டகரத்தை எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் இன்று கணினியில் தேடும் பிள்ளைகள் அப்படித்தான் தட்டச்சுச் செய்கிறார்கள். நீங்கள் வேறு விதமாகத் தீர்மானிக்கலாம். தீர்மானத்தைப் பட்டியலின் முதற்பக்கத்தில் இரண்டு வரியில் எழுதி வைத்து, பிறகு நடுவில் மாற்றாதிருப்பதுதான் முக்கியம்.

தமிழ் எழுத்து சில வேற்றுமைகளை மறைத்துவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும். சில இடங்களில் அது நன்மையே. சக்சபோன் கலைஞர் லெஸ்டர் யங்குக்கு "பிரசிடென்ட்" என்பதன் சுருக்கமாக வந்த பட்டப்பெயரை ஆங்கிலத்தில் எந்த எழுத்தில் முடிப்பது என்று இன்றுவரை இரண்டு வழக்குகள் இருக்கின்றன. தமிழில் இரண்டும் "பிரெஸ்" ஆகிவிடுவதால் வழக்கே எழுவதில்லை. ஆனால் ஜோ ஜோன்ஸ் என்ற பெயரில் இந்த மறைப்பு ஆபத்தானது. கவுண்ட் பேசியின் குழுவில் வாசித்த ஜோ ஜோன்ஸ் 1911 இல் பிறந்தவர். அவர் முதற்பெயரின் ஈற்றில் ஆங்கில "ஈ" (E) எழுத்து இல்லை. மைல்ஸ் டேவிஸின் குழுவில் வாசித்த ஜோ ஜோன்ஸ் 1923 இல் பிறந்தவர். அவர் பெயரில் அந்த எழுத்து உண்டு. இருவரும் டிரம்ஸ் கலைஞர்கள், இருவரும் 1985 இல் சில நாள் இடைவெளியில் காலமானவர்கள். ரோமன் எழுத்தில் ஓர் எழுத்தாவது அவர்களைப் பிரிக்கிறது. தமிழில் அதுவும் இல்லை. இங்கே பட்டப்பெயர் அலங்காரமன்று, அடையாளம். மூத்தவரை "பப்பா ஜோ ஜோன்ஸ்" என்றும், பிலடெல்பியாக்காரரான இளையவரை "பிலி ஜோ ஜோன்ஸ்" என்றும் தலைப்பெயரிலேயே எழுத வேண்டும். தவில் மேதையை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி என்று ஊர்ப்பெயரோடு சொல்லிப் பழகிய எங்களுக்கு "பிலி" எளிதில் விளங்கும். மூத்தவரைப் "பாப்பா" என்று எழுதினால் குழந்தை என்ற பொருள் வந்துவிடும் என்பதால் குறிலாகவே எழுதுங்கள். இதே காரணத்துக்காக, பில் எவன்ஸையும் ஃபில் வூட்ஸையும் எழுதும்போது ஆய்த எழுத்தைச் சோம்பலால் விட்டுவிடக் கூடாது.

பட்டப்பெயர், மாற்றிக்கொண்ட பெயர், மறைப்பெயர் ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கலக்கவும் கூடாது. "பேர்ட்" என்பது சார்லி பார்க்கரின் பட்டப்பெயர். "சார்லி சான்" என்பது 1953 இல் ரொறன்ரோவின் மாசி மண்டபத்தில் நடந்த கச்சேரியின் இசைத்தட்டில், வேறு நிறுவனத்துடன் அவருக்கு ஒப்பந்தம் இருந்ததால் இடப்பட்ட மறைப்பெயர். இரண்டிலிருந்தும் "சார்லி பார்க்கர்" என்ற தலைப்பெயருக்குச் சுட்டு ("இதைப் பார்க்க" என்ற குறிப்பு) இருக்க வேண்டும், ஆனால் சுட்டின் வகையையும் குறிக்க வேண்டும். தாமாகவே மாற்றிக்கொண்ட பெயரை மதிக்க வேண்டும்: அஹமட் ஜமாலைப் பிறந்தபோது இடப்பட்ட ஜோன்ஸ் என்ற பெயரின் கீழ் வைப்பது தவறு. யூசுப் லத்தீப்பை, மன்னாரிலும் முல்லைத்தீவிலும் எங்கள் முஸ்லிம் அயலவர்கள் எழுதும் வடிவத்திலேயே எழுதுகிறேன். அவர் இளமையில் பில் எவன்ஸ் என்ற பெயரோடு வாசித்தவர் என்பது இன்னொரு சிக்கல். 1929 இல் பிறந்த பியானோக் கலைஞர் பில் எவன்ஸும், 1958 இல் பிறந்த சக்சபோன் கலைஞர் பில் எவன்ஸும் வேறு வேறானவர்கள். இருவரும் வெவ்வேறு காலங்களில் மைல்ஸ் டேவிஸோடு வாசித்தவர்கள். ஆகவே, இந்தப் பெயருக்குப் பக்கத்தில் வாத்தியத்தைக் கட்டாயம் எழுத வேண்டும். பிறந்த ஆண்டை மட்டும் நம்ப முடியாது: 1900 யூலை 4 இல் பிறந்ததாக ஆம்ஸ்ட்ரோங் சொல்லிவந்தார், ஞானஸ்நானப் பதிவேடோ 1901 ஓகஸ்ட் 4 என்கிறது.

வரிசைப்படுத்தும்போது குடும்பப்பெயரை முன்வைத்து "டேவிஸ், மைல்ஸ்" என்று எழுதுங்கள். எங்கள் வழக்கில் தகப்பன் பெயர் தலைப்பெழுத்தாக முன்னே நிற்பதால், இந்த மாற்றம் ஆரம்பத்தில் கையைத் தடுக்கும்.

கணினியில் ஒரு விடயத்தை மறக்க வேண்டாம். பழைய பட்டியல், யூனிகோடில் அமையாத பாமினி எழுத்துருவில் இருந்தால், முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் தேடலில் ஒன்றும் அகப்படாது. ஔகாரக் குறியை ஒற்றைக் குறியாகத் தட்டாமல், எகரக் குறியையும் ளகர எழுத்தையும் சேர்த்துத் தட்டினால் கண்ணுக்கு வேற்றுமை தெரியாது, கணினிக்கோ அவை இரண்டு சொற்கள். அதனால்தான் பியானோக் கலைஞர் ஒருவரின் பெயரை நான் "பட் பவல்" என்று எழுதுகிறேன், "பௌவல்" என்று எழுதுவதில்லை. ரோமன் வடிவத்தைச் சரிபார்க்க டிஸ்கொக்ஸ், மியூசிக்பிரெய்ன்ஸ் ஆகிய தரவுத்தளங்கள் போதும். இசைத்தட்டில் அச்சான பெயரையும் கலைஞரின் தலைப்பெயரையும் அவை தனித்தனியே வைத்திருக்கின்றன.

எல்லாப் பெயரையும் தீர்த்துவிட முடியாது. ஓர் ஒலிநாடாவில் பெரியப்பா "ஜோ ஜோன்ஸ், நல்ல அடி" என்று மட்டும் எழுதியிருக்கிறார். மூத்தவர் ஹை-ஹட் தாளத்தட்டில் காலத்தை ஓடவிடும் விதத்துக்குப் பெயர்பெற்றவர் என்பதால் அதைக் கவனித்துப் பல தடவை கேட்டேன். நாடா மங்கியிருப்பதால் அந்த ஒலி தெளிவாக வரவில்லை. அதன் இரண்டாம் நிரலில் ஒரு கேள்விக்குறி இட்டிருக்கிறேன். முதல் நிரலில் அவர் எழுதிய பெயரும், அந்த "நல்ல அடி"யும் அப்படியே இருக்கின்றன.