குழந்தைகளுக்கு எதிரான வன்முறையைக் கலையால் எதிர்க்கும் இளைஞர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பறையடிப்பவர், கானா கட்டுபவர், சுவரில் ஓவியம் தீட்டுபவர், கைப்பேசியிலேயே குறும்படம் எடுத்து முடித்துவிடுபவர் எனச் சென்னையின் கல்லூரிகளிலும் குடியிருப்புகளிலும் திறமைக்குப் பஞ்சமில்லை. இவர்களில் பலர், குழந்தைகளுக்கு எதிரான வன்முறையை நிறுத்துவதற்குத் தங்கள் திறமையைத் தர முன்வருவது பெரும் நம்பிக்கை அளிக்கிறது. பெரியவர் ஒருவர் ஒலிபெருக்கியில் சொல்லும் அறிவுரையைக் காட்டிலும், தன் தெருவைச் சேர்ந்த அண்ணனோ அக்காவோ பாடும் பாட்டைக் குழந்தைகள் காதுகொடுத்துக் கேட்பார்கள். ஆனால் இந்தப் பணிக்கு நல்லெண்ணம் மட்டும் போதாது. நாம் நடித்துக்காட்டும் கொடுமை தன் வீட்டிலேயே நடந்துகொண்டிருக்கும் குழந்தை ஒன்று, கூட்டத்தின் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கக்கூடும். அந்தக் குழந்தையை மனத்தில் வைத்தே ஒவ்வொரு வரியையும் எழுத வேண்டும். அதை மறப்பதிலிருந்தே இத்துறையில் பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன.

கொடுமையை அப்படியே நடித்துக்காட்டுவது அவற்றுள் முதலாவது. பெல்ட்டை உருவும் தந்தை, அலறும் சிறுமி, அடித்து முழங்கும் பறை ஆகியவை பெரியவர்களின் கண்களைக் கலங்கச் செய்யலாம். ஆயினும் அதை நேற்றிரவு அனுபவித்த குழந்தைக்கு அது மீண்டும் ஒரு அடியாகவே விழும். நாடகத்தின் பெரும்பகுதியை வன்முறைக்கு ஒதுக்கி, உதவி கிடைப்பதைக் கடைசி ஒரு நிமிடத்தில் சொல்லி முடிப்பது தலைகீழான கணக்கு. குழந்தை யாரிடம் சொன்னது, கேட்டவர் எப்படி நடந்துகொண்டார், அதன்பின் என்ன நடந்தது என்பவற்றைத்தான் விரிவாகக் காட்ட வேண்டும். பாதிக்கப்பட்டவராக நடிப்பதற்குக் குடியிருப்பிலுள்ள சிறுமி ஒருத்தியை அழைத்து நிறுத்துவதும் கூடாது. மறுநாள் முதல் அவளை அந்தப் பாத்திரத்தின் பெயரைச் சொல்லிக் கேலி செய்வார்கள்.

வில்லனை எப்போதும் முகம் தெரியாத அந்நியனாகவே படைப்பது இன்னொரு தவறு. குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களைத் தண்டிக்கும் போக்சோ சட்டத்தின் கீழ் பதிவாகும் வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில், குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்கு ஏற்கெனவே அறிமுகமானவர் என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் தரவுகள் ஆண்டுதோறும் காட்டிவருகின்றன. மிட்டாய் கொடுத்துக் கடத்துபவனை மட்டுமே பார்த்துப் பழகிய குழந்தைக்கு, மாமாவோ, டியூஷன் மாஸ்டரோ, பக்கத்து வீட்டுக்காரரோ அத்துமீறும்போது அது குற்றம் என்றே புரியாமல் போகலாம். பாதிக்கப்படுபவர் எப்போதும் சிறுமிதான் என்று காட்டுவதும் அதே அளவுக்குப் பிழையானது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் பாலின வேறுபாடின்றிப் பாதுகாக்கிறது. ‘ஆம்பளப் பையன் அழக்கூடாது’ என்ற பேச்சில் வளரும் சிறுவனுக்கோ வாய் திறப்பது கூடுதல் கடினம்.

‘கத்து, ஓடு, சொல்’ என்ற பாடம் பல பாடல்களில் பல்லவியாகவே வருகிறது. சொல்லித்தருவதில் தவறில்லை, அதோடு நிறுத்துவதுதான் தவறு. பயத்தில் உறைந்துபோவது உடலின் இயல்பான எதிர்வினை. கத்த முடியாமல் போன குழந்தை இந்தப் பல்லவியைக் கேட்டால், தன்மேல்தான் குற்றம் என்று எண்ணிக்கொள்ளும். ஆகவே ‘நீ கத்தாவிட்டாலும், ஓடாவிட்டாலும், இவ்வளவு நாள் சொல்லாவிட்டாலும் தப்பு உன்மேல் இல்லை; இப்போதும் சொல்லலாம்’ என்ற செய்தி பாட்டில் ஓரிடத்திலாவது ஒலித்தாக வேண்டும். ‘நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்’ என்பதைவிடப் ‘பாதுகாப்பான தொடுதல், பாதுகாப்பற்ற தொடுதல்’ என்பதே பொருத்தமானது. பிடித்தமான ஒருவர் அன்பாகப் பேசியபடி தொடும்போது, அது கெட்டது என்று குழந்தைக்குத் தோன்றாமலே இருக்கலாம்.

நகைச்சுவைக்காக அடியைப் பயன்படுத்தும் வழக்கம் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. துடைப்பத்தோடு மகனைத் துரத்தும் அம்மா, பிரம்பைச் சுழற்றும் வாத்தியார் என்றால் கூட்டம் உடனே சிரித்துவிடும். ‘அடியாத மாடு படியாது’ என்ற பழமொழி ஊறிப்போன ஊரில், வன்முறைக்கு எதிரான நாடகமே அடியைச் சிரிப்புக்குரியதாக்கினால், அதற்குப்பின் பேசும் எதுவும் எடுபடாது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் பள்ளிகளில் தடைசெய்திருக்கிறது என்பது பல பெற்றோருக்கு இன்றும் புதிய செய்தி. அதை நாடகத்துக்குள் ஒரு பெற்றோரின் வாயாலேயே சொல்லவைக்கலாம்.

அடையாளம் பற்றிய தவறு சட்டப்படியே குற்றமாகிவிடும். பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி என எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது என்கிறது போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு. மீறினால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறைத்தண்டனையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவும் இத்தகைய தடையை விதிக்கிறது. முகத்தை மங்கலாக்கிவிட்டோம் என்று பலர் நிம்மதியடைகிறார்கள். சீருடையின் நிறம், பின்னால் தெரியும் பிளாக் எண், மாற்றப்படாத குரல் ஆகிய மூன்றில் ஒன்று போதும், அக்கம்பக்கத்தார் ஆளைக் கண்டுகொள்வதற்கு. உண்மைச் சம்பவத்தைத் தழுவி எழுதுவதாக இருந்தால் ஊர், வயது, உறவுமுறை அனைத்தையும் மாற்றிவிட வேண்டும். பாதிக்கப்பட்ட குழந்தையை மேடையேற்றித் தன் கதையைச் சொல்லச் செய்வதோ, அக்குழந்தை தானே முன்வந்தாலும் செய்யத் தகாதது.

இவை அனைத்திலும் பெரிய தவறு, நிகழ்ச்சி முடிந்த பிறகு என்ன செய்வது என்று யோசிக்காமல் போவதாகும். வேடத்தைக் கலைத்து, பறையைத் துணியில் சுற்றிக் கட்டும் நேரத்தில்தான், எல்லோரும் கலைந்த பிறகும் வீட்டுக்குப் போகாத குழந்தை ஒன்று பறையின் வாரை வருடியபடி பக்கத்தில் வந்து நிற்கும். ‘அக்கா, அந்த நாடகத்துல வந்த மாதிரி…’ என்று தொடங்கி நிறுத்திவிடும். அந்த நேரத்தில் ஆட்டோவுக்கு அவசரப்படாமல் அமர்ந்து கேட்க, குழுவில் ஒருவரையாவது முன்கூட்டியே நியமித்திருக்க வேண்டும்.

கேட்பவர் செய்யக் கூடாதவையும் உண்டு. ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. ‘உனக்கு உதவக்கூடிய சிலரிடம் மட்டும் சொல்லுவேன்’ என்பதே நேர்மையான பதில். எங்கே தொட்டான், எத்தனை முறை என்று துருவிக் கேட்பதும், கைப்பேசியில் பதிவுசெய்வதும், குழந்தையையும் பின்னர் நடக்கவேண்டிய விசாரணையையும் ஒருசேரப் பாதிக்கும். கோபத்தில் அந்த ஆளின் வீட்டுக்குக் குழுவாகப் போவது அனைத்திலும் ஆபத்தானது. அன்றிரவு அதன் விலையைக் கொடுப்பது குழந்தைதான். குழந்தை சொன்ன சொற்களை அப்படியே எழுதி வைத்துக்கொண்டு, 24 மணி நேரமும் இயங்கும் 1098 என்ற கட்டணமில்லா குழந்தைகள் உதவி எண்ணை அழைக்க வேண்டும். பாலியல் குற்றம் என்றால், போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது அறிந்த ஒவ்வொருவரின் கடமை; தெரிவிக்கத் தவறுவது 21ஆம் பிரிவின்கீழ் தண்டனைக்குரியது. குழுவிலுள்ள 18 வயது நிரம்பாதவர்களுக்கு அந்தத் தண்டனை பொருந்தாது. எனினும் அவர்களும் உடனே நம்பகமான பெரியவர் ஒருவரிடம் சொல்ல வேண்டும்.

பொது இடத்தில் நிகழ்த்துவதற்குக் காவல்நிலையத்தில் எப்படியும் முன்அனுமதி பெற வேண்டியிருக்கும். அதை வெறும் கடிதம் கொடுக்கும் வேலையாக முடித்துவிடாமல், இளைஞர் நீதிச் சட்டப்படி அங்கு நியமிக்கப்பட்டிருக்கும் குழந்தைகள் நலக் காவல் அலுவலரை அன்றே சந்தித்து எண்ணை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

ஓவியர்களுக்குத் தனியாக ஒன்று. கண்ணகி நகரில் 2020இல் வரையப்பட்ட பெரிய சுவரோவியங்கள், ஒரு குடியிருப்பின் சுவர் எவ்வளவு பேரின் பார்வையை ஈர்க்க முடியும் என்பதைக் காட்டின. ஆனால் 1098ஐ முதல் மாடி உயரத்தில் எழுதினால் அது தெருவில் போகிறவர்களுக்கே பயன்படும். ஏழு வயதுக் குழந்தையின் கண்மட்டத்தில், படிக்கட்டு ஏறும் இடத்தில், எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் புரியும்படி எழுத வேண்டும். மழையில் எண் அழிந்தால் மறுபடி தீட்டுவதற்குக் குழுவில் யார் வருவார் என்பதையும் வண்ணம் வாங்கும்போதே முடிவுசெய்துவிட வேண்டும்.