டர்போ கார்: மலை ஏறியதும் சாவியைத் திருப்ப அவசரம் வேண்டாம்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறி டீக்கடையில் நிறுத்துகிறீர்களா? எஞ்சினை உடனே அணைக்காமல் ஒன்றிரண்டு நிமிடம் ஐடிலில் (நின்றபடியே, ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல்) ஓட விடுங்கள். அதைவிட நல்லது, கடைசி இரண்டு கிலோமீட்டரை ஆக்ஸிலரேட்டரை அதிகம் அழுத்தாமல் மெதுவாக ஓட்டி வருவது.

டர்போ என்பது எஞ்சின் புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் பாகம். அதன் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அந்தத் தண்டைத் தாங்கும் பேரிங்கைக் காப்பது எஞ்சின் ஆயில்தான். ஏற்றத்தில் டர்போவின் புகை வரும் பக்கம் கொதிக்கும்போது எஞ்சினை அணைத்தால் ஆயில் ஓட்டம் நின்றுவிடும்; உள்ளே தேங்கிய ஆயில் கருகிக் கரியாகப் படியும். நாளடைவில் ஆயில் வழி அடைத்து பேரிங் தேயும். புது டர்போ வாங்குவது பெரும் செலவு, இரண்டு நிமிட பெட்ரோலோ டீசலோ அதன் முன் ஒன்றுமே இல்லை.

வண்டி நின்றதும் எஞ்சினைத் தானே அணைக்கும் ஆட்டோ ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி இருந்தால், அந்த வசதியை ஏற்றம் முடியும்வரை அணைத்து வையுங்கள். அது பலருக்கு நினைவிலேயே இருப்பதில்லை.

ஊருக்குள் நிதானமாக ஓட்டி வந்த வண்டிக்கு இந்தக் காத்திருப்பு தேவையில்லை. அணைத்த பிறகும் மின்மோட்டாரால் கூலண்ட்டை (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தை) சுற்றவிடும் புது கார்களுக்கும் அவ்வளவாகத் தேவைப்படாது. ஆனால் வெப்ப எச்சரிக்கை சிவப்பாக எரிந்தாலோ கூலண்ட் ஒழுகினாலோ ஐடிலில் விடவே கூடாது. ஓரங்கட்டி உடனே அணைத்துவிடுங்கள். சூடு தணியும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள்.