நீர்நாய் உலவும் கரையில் தூண்டில் போடுவோருக்கு ஒரு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றி உம்கேனி, உம்லாஸ், உம்ஹ்லதுசானா ஆறுகளில் தூண்டில் போடும் நம்மவர்களிடையே நீர்நாயைப் பற்றிப் பேச்செடுத்தால், அது வந்த நாளிலிருந்து மீன் அகப்படவில்லை என்ற குறையும் கூடவே வந்துவிடுகிறது. கரையில் நாணல் மீண்டும் அடர்ந்து, தண்ணீர் ஓரளவு தெளிந்த இடங்களில் இந்த விலங்கு திரும்பத் தலைகாட்டும்போது, அந்தக் குறை உண்மைதானா என்பதை அவரவர் தம் கரையிலேயே சோதித்து அறிய முடியும். அப்படிச் சோதிக்காமல் நீர்நாயின் மேல் பழி போடுவது ஆற்றுக்கும் கெடுதல், நமக்கும் கெடுதல் என்று உறுதியாக நம்புவதால்தான் இதை எழுதுகிறேன்.

நம் காதில் விழும் கதைகளில் பல இங்கிலாந்திலிருந்து வந்தவை. அங்கே 1950களின் பிற்பகுதியிலிருந்து டீல்ட்ரின் போன்ற பூச்சிக்கொல்லிகளால் நீர்நாய்கள் பெரும்பாலான ஆறுகளிலிருந்து மறைந்துபோயின. அந்த மருந்துகள் விலக்கப்பட்டு, வேட்டையும் தடுக்கப்பட்ட பிறகு அவை மெல்லப் பெருகி, 2011இல் இங்கிலாந்தின் எல்லா மாவட்டங்களிலும் மீண்டும் காணப்படுவதாக அறிவிக்கப்பட்டது. பெரிய கெண்டைகளை வளர்த்து, தூண்டில் போடக் கட்டணம் வாங்கும் ஏரிக்காரர்களுக்கு இதனால் நேர்ந்த இழப்பு உண்மையானது. ஆனால் அங்குள்ள நீர்நாய் வேறு இனம். மீனையே முதன்மையாகத் தின்பது. அந்த வழக்கை அப்படியே இங்கே கொண்டுவந்து நம் நீர்நாயின் மேல் சுமத்த முடியாது.

டர்பன் அடங்கிய நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் இரண்டு இனங்கள் உள்ளன. நகமற்ற பெரிய நீர்நாய் பத்துக் கிலோவுக்கு மேல் எடையுள்ளது. கழுத்தும் கன்னமும் வெளுத்திருக்கும். முன்கால் விரல்களுக்கு இடையே சவ்வு கிடையாது. சேற்றையும் கல்லிடுக்கையும் அந்த விரல்களால் துழாவி நண்டைப் பிடித்து, அகன்ற கடைவாய்ப் பற்களால் ஓட்டோடு நொறுக்கித் தின்னும். புள்ளிக்கழுத்து நீர்நாய் மிகச் சிறியது. ஏறத்தாழ நான்கு அல்லது ஐந்து கிலோதான் இருக்கும். கண்ணால் பார்த்து வேட்டையாடுவதால் அதற்குத் தெளிந்த நீர் வேண்டும். ஆகவே டிராக்கன்ஸ்பர்க் மலையடிவார ஆறுகளிலும் மேட்டுநில அணைகளிலும் அதைக் காணும் வாய்ப்பு அதிகம். கலங்கிய கீழாற்றில் தூண்டில் போடுபவர் பார்ப்பது பெரும்பாலும் முதலாவதாகத்தான் இருக்கும்.

விலங்கைக் காண்பது அரிது. தடத்தைப் படிக்கப் பழகிக்கொள்ள வேண்டும். விடிகாலையில், வெயில் ஏறுமுன், ஓடைகள் ஆற்றில் சேரும் முனைகளிலும், நீரைவிட்டுச் சற்று உயர்ந்த பாறைகளிலும், புல் அமுங்கிக் கிடக்கும் திட்டுகளிலும் தேடுங்கள். ஈரச் சேற்றில் ஐந்து விரல்களும் விரிந்து, குழந்தை கையை ஊன்றியது போல நகக்குறியே இல்லாமல் பதிந்திருந்தால் அது பெரிய நீர்நாய். அளவில் சிறியதாக, ஒவ்வொரு விரலுக்கு முன்னும் நகக்குறி இருந்தால் அது நீர்க்கீரியாக இருக்கலாம். அதுவும் நண்டு தின்னும். பல இடங்களில் நீர்நாய் என்று தவறாகச் சொல்லப்படுவது இதுதான்.

எச்சத்தைப் படிப்பதே இந்த வேலையின் உயிர்நாடி. நீர்நாய் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எச்சமிடும்; மற்ற நீர்நாய்களுக்கு அது எல்லைக்குறியும் ஆகும் என்பதால் முழுவதையும் அள்ளிவிடாமல் காய்ந்த ஒரு துண்டை மட்டும் எடுங்கள். கையுறை போட்டுக்கொண்டு, பழைய ஐஸ்கிரீம் டப்பாவின் வெள்ளை மூடியில் வைத்துக் குச்சியால் உதிர்த்துப் பாருங்கள். ஒருபக்கம் வழவழப்பாக, செம்பழுப்பு நிறத்தில் தட்டையாக நொறுங்கிய சில்லுகள் நண்டின் ஓடு. அவற்றினிடையே ரம்பப்பல் விளிம்புள்ள இடுக்கி நுனிகளும் கிடக்கும். மீன் தின்றிருந்தால் ஒளி ஊடுருவும் செதில்களும், ஊசிமுட்களும், இருபுறமும் குழிந்த சிறு வட்டுகளாக முதுகெலும்புக் கணுக்களும் தெரியும். எது மிகுதி என்று தேதியோடு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். கோடையிலும் குளிர்காலத்திலும் பாருங்கள், ஏனெனில் குளிர்ந்த நீரில் மீன் மந்தமாகிவிடுவதால் அப்போது மீனின் பங்கு கூடுவதுண்டு. பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

நட்டாலின் ஆறுகளில் 1970களில் நீர்நாய்களின் உணவை ஆராய்ந்த டி. டி. ரோ-ரோ, நகமற்ற நீர்நாயின் முதன்மை இரை ஆற்று நண்டே என்று காட்டினார். இது நமக்கு நல்ல செய்தி என்றே நான் கொள்கிறேன். மேலும், ஒரு நீர்நாய்க்குச் சில கிலோமீட்டர் ஆறு தேவைப்படுகிறது. ஒரே மடுவில் கூட்டமாக அமர்ந்து அதைக் காலி செய்துவிடும் வழக்கம் அதற்கு இல்லை. மீன் குறைந்திருந்தால் முதலில் தண்ணீரைப் பாருங்கள். 2021 ஜூலையில் டர்பனுக்கு வடக்கே கார்னுபியாவில் வேளாண் வேதிப்பொருள் கிடங்கு எரிந்தபோது, உம்ஹ்லங்கா ஆற்றிலும் கழிமுகத்திலும் மீன்கள் கும்பலாகச் செத்தன. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு உடைந்த கழிவுநீர்க் குழாய்களால் உம்கேனியின் கீழ்ப்பகுதி நாறியதை டர்பன்காரர் எவரும் மறந்திருக்க மாட்டார்.

தூண்டில் போட்டிருக்கும் நேரத்தில் நீர்நாய் கடந்துபோனால் மீன்கள் சிறிது நேரம் இரையெடுக்காது. கல்லெறிந்து விரட்டுவதில் பயனில்லை. தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு அது வந்த திசையில் மேலே இன்னொரு மடுவுக்குப் போங்கள், அல்லது தேநீர் குடித்துக் காத்திருங்கள். பிடித்த மீனை இரவில் வலைப்பையில் நீருக்குள் விட்டுவைக்காதீர்கள். அது நீர்நாயை நீங்களே விருந்துக்கு அழைப்பதாகும், வலைக்குள் தலை மாட்டி அது மூழ்கிச் சாகவும் கூடும். அறுந்த நைலான் நரம்பை ஒரு முழம்கூடக் கரையில் விடாதீர்கள். நாயைக் கூட்டிவந்தால் கட்டியே வையுங்கள்.

வீட்டில் கோய் என்னும் அலங்காரக் கெண்டை மீன் வளர்ப்பவர்களுக்கும், மாகாணத்தின் உள்நாட்டு மேட்டுநிலமான மிட்லாண்ட்ஸ் பகுதியில் டிரவுட் மீன் அணை வைத்திருப்பவர்களுக்கும் நிலைமை வேறு. அங்கே இழப்பு நேரலாம், ஏனென்றால் தொட்டியில் வளர்ந்து புதிதாக விடப்பட்ட மீனுக்குத் தப்பத் தெரியாது. சிறு குளமானால் உறுதியான கம்பிச் சட்டத்தால் இரவில் மூடிவிடுவதே சிறந்தது. பெரிய குளத்துக்கு, கண் அளவு 5 செ.மீ.க்கு மிகாத வலைக்கம்பியில் 1.2 மீட்டருக்குக் குறையாத வேலி போட்டு, மேல்விளிம்பை வெளிப்பக்கமாக வளைத்து, அடிப்பகுதியை மண்ணுக்குள் புதைத்து வெளிப்புறமாக மடக்க வேண்டும். நீர்நாய் தோண்டுவதைவிட இடுக்குத் தேடுவதில் கெட்டிக்காரன். ஓடை உள்ளே வரும் வாய்க்காலை மறந்துவிட்டால் மற்ற வேலி முழுவதும் வீண். மின்வேலி போடுவதானால் சான்றிதழ் உள்ள நிறுவுநரைக் கொண்டு போடுங்கள். தரையை ஒட்டிய கம்பியில் ஆமைகள் அடிபட்டுச் சாவதால், அதை இரவில் மட்டும் இயக்குங்கள். குளத்தின் நடுவே ஆழமான பள்ளமும் மறைவுக்குக் கற்குவியலும் இருந்தால் மீனுக்கு ஒதுங்க இடம் கிடைக்கும்.

நஞ்சு, கண்ணி, துப்பாக்கி மூன்றும் வேண்டாம். இரு இனங்களும் இந்நாட்டில் காப்புப் பெற்றவை. அனுமதியின்றிப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். அதோடு, நஞ்சு வைத்த மீன் எந்த வாய்க்குப் போகும் என்று வைத்தவருக்கே தெரியாது. நாம் நண்டு பிடித்துக் குழம்பு வைக்கும் அதே ஆறுதான் அது. இழப்பு தொடர்ந்தால், எச்சக் குறிப்பேட்டையும் தடத்தின் பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்த படங்களையும் கொண்டு மாகாண வனவிலங்கு நிறுவனமான எசெம்வெலோவிடம் முறையிடுங்கள். சாலையில் அடிபட்டோ வலையில் சிக்கியோ செத்த நீர்நாயைக் கண்டாலும் தொடாமல் படமெடுத்து, இடத்தையும் தேதியையும் அவர்களுக்கே தெரிவியுங்கள்.